ஆளுக்குப் பாதி மருந்து

நோயாளிகள் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ரத்தம் எடுக்க உட்கார்ந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்து, மாமியார் கதையோ மருமகன் கதையோ கிளறிவிட்டு, அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிடுவாள். "எப்பம்மா குத்துவ?" என்று கேட்பவரிடம் பஞ்சைக் கொடுத்து, "கையை மடக்குங்க, போய் டீ குடிங்க" என்பாள். இந்தக் கைராசி எல்லா நர்சுக்கும் வாய்ப்பதில்லை.

அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், முன்பு துணி வெளுக்கும் கூடமாக இருந்து பிறகு வெள்ளையடித்து ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டிய இடத்தில். சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, பொறுப்பில் இருந்த பெரிய டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தொலைதூரத்தில் இருந்த தலைமை அலுவலகத்தின் கணினிக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, இல்லை மனசு வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும்.

அவள் இந்தப் பிரிவுக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா. சட்டைப் பையில் மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு, "எனக்கு எங்கடி சர்க்கரை?" என்று கேட்கிற ரகம். புதுச் செருப்பு கடித்து ஒரு சின்னப் புண். விரல் போயிற்று, பாதம் போயிற்று, முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று, அப்புறம் ஆளே போய்விட்டார். அதே வார்டில் அவரைவிட அதிகச் சர்க்கரை உள்ள ஒருவர் புண் ஆறி நடந்து வீட்டுக்குப் போனார். ஏன் ஒருவருக்கு ஆறுகிறது, இன்னொருவருக்கு ஆறவில்லை என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். "சுகர்னா அப்படித்தாம்மா" என்று அவர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தப் பதில் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அப்படித்தான் என்றால் எப்படித்தான் என்று கண்டுபிடிக்க ஒருவராவது உட்கார வேண்டாமா? ஆராய்ச்சிப் பிரிவு தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் பெரிய தலைவலி, நோயாளிகள் பாதியில் கழன்றுகொள்வது. முதல் மாதம் வருவார்கள், இரண்டாம் மாதம் வேலை இருக்கிறது என்பார்கள், மூன்றாம் மாதம் போனையே எடுக்க மாட்டார்கள். ஊசியக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, தனித்தனி நேரத்துக்கு வரச் சொல்ல வேண்டும், ஒருவரோடு ஒருவர் நோயைப் பற்றிப் பேசவிடக் கூடாது என்பது விதி. அவள் எல்லாரையும் ஒரே காலையில் வரவழைத்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடிப்பவர் யார் என்று போட்டி வைத்தாள். ஆறே மாதத்தில் அந்த அறை ஒரு குடும்பமாகிவிட்டது. யாருக்குக் கண் மங்குகிறது, யார் மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி. இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட விலகவில்லை. தலைமை அலுவலகத்தார் இதே ஆராய்ச்சி நடந்த மற்ற ஊர்களுக்கெல்லாம், அந்தப் பின்கட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். பெரிய டாக்டரம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை, விதியைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து உட்காருவார்கள். ஒருவர் தையல்காரர். ஒல்லியான ஆள், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே வந்துவிடுவார். இன்னொருவர் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்ற அம்மாள், தனியாக இருப்பவர். தையல்காரருக்குச் சர்க்கரை மடமடவென்று இறங்கியது. டீச்சருக்கு இறங்கவே இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இது தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வாங்குவது மருந்து, இவர் வாங்குவது மாவு என்று அறை முழுக்க முடிவு கட்டிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு காலை. தண்ணீர் பிடிக்கப் போன ஊசியக்கா, நடையின் முனையில் அவர்கள் இருவரும் நிற்பதைப் பார்த்தாள். தையல்காரர் தன் பாட்டிலைச் சாய்த்து டீச்சரின் கைக்குட்டையில் மாத்திரைகளைக் கொட்டினார். டீச்சர் தன் பாட்டிலிலிருந்து அதே எண்ணிக்கையை எண்ணி அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு டீச்சர் அல்லவா, மாதா மாதம் எண்ணிப் பார்க்கிற மிச்ச மாத்திரையில் பிசகு வரக் கூடாது என்று யோசித்திருக்கிறார். ஆளுக்குப் பாதி மருந்து, ஆளுக்குப் பாதி மாவு.

அவளுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்து, ரத்தம் எடுக்கும் குழாய் ஒன்றைக் கீழே போட்டு உடைத்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேரையும் விலக்குவார்கள். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது யார் என்று கேட்பார்கள். இரண்டு வருஷ உழைப்பு பாழாகும். ஏதோ ஒரு தடவை ஆசைப்பட்டுச் செய்திருப்பார்கள், இனி செய்ய மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் கரைந்துவிட்டது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, உம்முனு இருக்க?"

"ஒரு நோயாளி தப்புப் பண்றாங்க. சொல்றதா வேண்டாமான்னு இருக்கு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லிஃப்ட்ல சத்தம் கேக்குதுன்னா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நான் வந்துட முடியுமா?"

"மனுஷங்களும் லிஃப்டும் ஒண்ணா?" என்று அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அடுத்த மாதப் பரிசோதனை நாள் வந்தது. எல்லாரும் முந்தைய நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் வர வேண்டும், மாத்திரையும் ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊசியக்கா ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. டீச்சர் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தையல்காரர் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "டீச்சர், டீச்சர்" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. வண்டியில் கிடத்தி முற்றத்தைத் தாண்டி அவசரப் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் டீச்சர் தூங்கி எழுந்தவர்போல விழித்து, "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்று கேட்டார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டர், கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரம்மாவும் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. புது மருந்தால் இப்படி ஆனது என்றால் ஆராய்ச்சியையே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். டீச்சருக்குக் கொடுத்தது மருந்தா மாவா என்று, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியை, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். போனைக் கீழே வைத்தபோது அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"இவங்களுக்கு மாவு மாத்திரைதான். மருந்து காரணம் இல்ல."

"அப்ப பட்டினிதான் காரணமா இருக்கணும்" என்றார் இளம் டாக்டர், முழு மனசில்லாமல். "டீச்சர், வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லவே இல்ல" என்றார் டீச்சர்.

சொல்லும்போது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஊசியக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சியது. அவள் பார்த்தது டீச்சருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா தன் பிரிவுக்குக் கிளம்பினார். ஊசியக்கா குனிந்து டீச்சரின் காதருகே மெதுவாகக் கேட்டாள். "எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு" என்று உதடு மட்டும் அசைந்தது. "இந்தத் தடவையும் இறங்கலன்னா இன்சுலின் ஊசிக்கு மாத்திடுவேன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அதான் இந்த மாசம் பூரா அவரோடதையே வாங்கிக்கிட்டேன். காலைல ரெண்டாப் போட்டுட்டு வந்தேன். அவரைச் சொல்லிடாதம்மா, பாவம்."

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முதல் நாள் விழுந்து விழுந்து படிக்காதே என்று திட்டிய அம்மாள், தன் பரீட்சைக்கு அதையேதான் செய்திருக்கிறார். இன்னொரு நாளாக இருந்தால் ஊசியக்கா இதைச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த மருந்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். சேரும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் அவளே வாய் வலிக்கச் சொன்ன விஷயம் அது. இந்த மருந்து உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால் ஒரு தடவை ஏற்றினால் போதாது. குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும், அதற்கப்புறமும் இறங்கும். ஆஸ்பத்திரியில் வைத்து மணிக்கு மணி பார்க்க வேண்டும். மாவு மாத்திரை என்று நம்பிய டாக்டருக்கு அப்படிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. டீச்சர் சாப்பிட்டார், சர்க்கரை சரியாக இருந்தது, கட்டிலுக்காக வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் இளம் டாக்டர்.

"டாக்டர், இன்னைக்கு ஒரு நாள் வச்சுப் பாக்கலாமே" என்றாள் ஊசியக்கா.

"எதுக்கு?"

அவளிடம் பதில் இருந்தது. "வயசானவங்க, தனியா இருக்காங்க" என்று வேறொன்றைச் சொன்னாள்.

"தனியா இருக்கறவங்களை எல்லாம் வச்சுக்கிட்டா கட்டிலுக்கு எங்க போறது சிஸ்டர்?" என்றவர், நகரப் போய் நின்றார். ஏதோ அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். "வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா?"

"இல்ல டாக்டர்."

அந்த இரண்டு வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் டீச்சரை உட்கார வைத்து வாசலை நோக்கித் தள்ளினாள். மனசு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாம். தன் கட்டிலில் படுக்க வைக்கலாம். விழித்திருந்து விரலில் குத்திக் குத்திப் பார்க்கலாம். இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். விழுங்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால்? அவள் கண் அசந்துவிட்டால்? அதை நினைக்காமல் இருக்க முயன்றாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், ஆராய்ச்சி தப்பும், தையல்காரர் தப்புவார், அவளும் தப்புவாள். எல்லாருக்கும் நல்லதாக இருந்த அந்த யோசனையில் ஒரே ஓட்டை, டீச்சரின் உயிர்.

"என் வீட்டுக்கு வாங்களேன் டீச்சர்" என்று கேட்டும் பார்த்தாள். டீச்சருக்கோ போன உயிர் திரும்பிய தெம்பு. "நீ வீட்டுக்கெல்லாம் கூப்பிடாதம்மா, என் வீடு எனக்குப் போதும். போய் நல்லாத் தூங்கணும். கதவைச் சாத்திட்டுப் படுத்தேன்னா சாயங்காலம்தான் எழுந்திருப்பேன்" என்று பேசிக்கொண்டே வந்தார்.

ஊசியக்கா நின்றாள். பூட்டிய கதவுக்குப் பின்னால், யாரும் தட்டாத மத்தியானத்தில், வியர்த்துக்கொண்டு தூங்கும் ஒரு முகம் அவள் கண்முன் வந்தது. நாற்காலியை அப்படியே திருப்பினாள்.

"எங்கம்மா போற? வாசல் அந்தப் பக்கம்."

அவள் வேகமாகத் தள்ளினாள்.

"வேண்டாம்மா. சொல்லாதம்மா. நான் சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன், தூங்கல, சத்தியமாத் தூங்கல."

"பேசாம வாங்க டீச்சர்" என்றாள் ஊசியக்கா. அது அதட்டலாக வந்தது.

இளம் டாக்டர் வேறொரு கட்டிலில் குனிந்திருந்தார். அவர் நிமிரும்வரை அவள் காத்திருக்கவில்லை. "இவங்க சாப்பிட்டது மாவு மாத்திரை இல்ல. இன்னொருத்தரோட மருந்து. காலைல ரெண்டு போட்டிருக்காங்க. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவர் அவளைத் திட்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விரலில் குத்தினார். சற்றுமுன் சரியாக இருந்த சர்க்கரை பாதிக்குக் கீழே வந்திருந்தது. சாப்பிட்டு முடித்த எச்சில் தட்டு இன்னும் அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே இருந்தது. மறுபடி நரம்பைத் தேடினார்கள். இந்தத் தடவை ஊசியக்காவுக்கு முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவது குத்திலும் கிடைக்கவில்லை. அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி இளம் டாக்டரே போட்டார். குளுக்கோஸ் ஏறியது. மத்தியானத்துக்குள் மேலும் இரண்டு முறை இறங்கியது, இரண்டு முறையும் பிடித்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் டீச்சரின் நெற்றி காய்ந்தது.

பெரிய டாக்டரம்மா திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஊசியக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

படுத்திருந்த டீச்சர் கண்ணைத் திறக்காமலே குறுக்கே பேசினார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். இப்பத்தான் நான் சொன்னேன். பாவம், அவளை விட்டுடுங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஊசியக்காவுக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

"தெரியும் டாக்டர்" என்றாள். "போன மாசமே பாத்தேன். மாத்திரையை மாத்திக்கிட்டதைக் கண்ணால பாத்தேன். சொல்லல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இவங்க ரெண்டு பேரோட போயிருக்கும். இப்ப நம்ம ஆளே பாத்துட்டு மறைச்சிருக்காங்க. இங்க எடுத்த ஒரு ரத்தத்தையும் இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டு வருஷத்துல எடுத்த அத்தனையும்." அப்புறம், "எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சதை நானும்தான் பாத்துட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி போன் போட வெளியே போனார்.

ஊசியக்கா முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடந்தாள். காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் அதே வட்டத்தில் இருந்தன. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எல்லாக் கண்களும் அவள் முகத்தில் வந்து நின்றன.

தையல்காரர்தான் முதலில் எழுந்தார். "டீச்சர்?"

"பொழைச்சுட்டாங்கண்ணே. ரெண்டு நாள் இங்க இருக்கணும்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. "நான்தான் தங்கச்சி குடுத்தேன். எனக்கு இறங்குது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு இறங்கல. பாத்துக்கிட்டு எப்படி நான் மட்டும் முழுங்கறது?" என்றார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் மெல்ல நிதானப்பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து அவள் முன்னால் நீட்டினார்.

"சரி, எடுத்துடும்மா. நேத்து ராத்திரியிலிருந்து யாரும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் தொடல. நீ வந்து எடுக்காம எப்படிச் சாப்பிடறதுன்னு எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்கோம்."

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடித்து நீட்டத் தொடங்கினார்கள். ஊசியக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். எந்த இடத்தில் நரம்பு கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாத கை அதில் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு ரத்தம் எடுக்கல" என்றாள். "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

"அப்ப நாளைக்கு வரணுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேண்டாம்" என்றாள். "நாளைக்கும் வேண்டாம்."

யாரும் கையை இறக்கவில்லை.